இல்லாத நாட்டின் முத்திரை

ஒரு நாட்டில் நான் செத்துப்போனவன். பகிடிக்குச் சொல்லவில்லை. மொல்டோவாவில் ஒரு சிறிய நகரத்தின் ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் சுடலைப் பதிவேட்டிலும் என் பெயர் இருக்கிறது. பிறந்த தேதி சரி, பிறந்த ஊர் சரி, தகப்பன் பெயரும் சரி. பாரிஸில், லா சப்பலில், ஒரு தமிழ்க் கடைக்குள், ஃபோட்டோக்கொப்பி மெஷினுக்கும் டெலிபோன் கார்ட் தொங்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு கதிரையில் இருந்து சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவனும் அதே நான்தான். இதை இருபது வருடமாக ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டி வந்தது ஒரு பெண்ணால்.

அவர் முதன்முதலில் வந்தது 2011 மாரியில். வன்னியில் எல்லாம் முடிந்து, மிஞ்சிய சனம் ஒவ்வொருவராக இங்கே வந்துசேர்ந்துகொண்டிருந்த காலம். எனக்குப் பொறுமை கிடையாது என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். “அண்ணை கடிச்சுக் குதறுவார், ஆனா ஃபோர்ம் பிழைக்காது” என்று சொல்லித்தான் என்னிடம் ஆட்களை அனுப்புவார்கள். வன்னியிலிருந்து வந்தவர்களிடம் மட்டும் என் குரல் எழும்பாது. கதவு அடித்துச் சாத்தினால் அவர்கள் திரும்பிப் பார்க்கிற விதம் எனக்குப் பிடிப்பதில்லை.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலிக்குப் பதில் மஞ்சள் கயிறு. கேள்விகளை வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனேன். கணவர் பெயர் என்று ஒரு வரி வந்தது. அவர் பெயரைச் சொன்னார்.

“ஓம்” என்றேன்.

நான் சொல்லவில்லை. என் வாய் தானாகச் சொன்னது. பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது சொல்வோமே, அப்படி. அவர் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து அடுத்த வரிக்குக் காத்திருந்தார். அந்தப் பெயருக்கு ‘ஓம்’ சொல்லிச் சொல்லி நான் பத்துக் கிழமை சீவித்திருக்கிறேன்.

அடுத்த வரி குடும்ப நிலை. மணமானவர், மணமாகாதவர், பிரிந்தவர், விதவை. நான்கு கட்டம்.

“எதுக்குப் புள்ளடி போடுறது தங்கச்சி? அவர் இருக்கிறாரோ?”

“இஞ்சாலைப் பக்கம்தான் எங்கையோ இருக்கிறார் அண்ணை. மகள் பிறந்து அடுத்த வருசம் வெளிக்கிட்டவர். கடைசிக் கடிதம் தொண்ணூற்றிமூண்டு பங்குனி. பேந்து ஒண்டும் இல்லை.”

ஒரு சொப்பிங் பையை அவிழ்த்து, அதற்குள் இன்னொரு பையை அவிழ்த்து, கடிதங்களை என் முன்னால் வைத்தார். ஏழு கடிதம். சண்டைக்குள்ளால் நகை போய், காணி உறுதி போய், தாய் தகப்பனும் போய், இந்தப் பையை மட்டும் கொண்டுவந்திருக்கிறார். முதல் மூன்றும் ஒரு கையெழுத்து. மற்ற நான்கும் என்னுடையது.

அங்கே நடந்ததை இப்போது சொல்லிவிட வேண்டும்.

1992 புரட்டாதியில் நாங்கள் பதினொரு பேர் மொஸ்கோவில் இறங்கி, ரயிலில் மொல்டோவாவின் அந்தச் சிறிய நகரத்துக்குக் கொண்டுவரப்பட்டோம். அங்கிருந்து ருமேனியா, பிறகு மேற்கே என்பது காசு வாங்கி ஆள் கடத்தும் ஏஜென்சியின் திட்டம். ஐந்தாம் மாடியில் இரண்டு அறை, நிலத்தில் மெத்தைகள். அந்த நாடு மொஸ்கோவின் ஆட்சியிலிருந்து சுதந்திரமடைந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஊரில் நாங்கள் ஒரு நாடு கேட்டுச் செத்துக்கொண்டிருந்தோம். இங்கே ஒரு சனத்துக்கு நாடு கிடைத்தே விட்டது, எப்படிக் கொண்டாடுவார்கள் என்று பார்க்க எனக்கு உண்மையில் ஆசையாக இருந்தது. ஒரு கோதாரியும் நடக்கவில்லை. பாணுக்கு வரிசையில் நின்றார்கள். ஐப்பசியிலேயே ஹீட்டர் குழாய் குளிர்ந்துபோய்க் கிடந்தது. சதுக்கத்தில் சிலையைக் கழற்றிவிட்டார்கள், பீடம் மட்டும் நின்றது. அந்த வெறும் பீடத்துக்கு முன்னால் ஒரு கிழவர் ஒவ்வொரு நாளும் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போவார். கடைப் பலகைகளில் பழைய ரஷ்ய எழுத்தைச் சுரண்டிப் புது எழுத்தில் எழுதியிருந்தார்கள். மழை ஈரம் பட்டால் அடியிலிருந்து பழையது கிளம்பி வரும், இரண்டு பெயரும் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். நாங்கள் இருந்த தெருவின் பெயரும் மாறியது. காலையில் பாண் வாங்கப் போனவன் திரும்பி வரும்போது மூலையில் வேறு பெயர்ப் பலகை தொங்கிற்று. அவன் பயந்துபோய் அரை மணித்தியாலம் வெளியில் நின்றான்.

கீழ்மாடியில் ஒரு சரித்திர ரீச்சர் இருந்தார். பழைய புத்தகத்தைப் படிப்பிக்கக் கூடாது என்று உத்தரவு, புதுப் புத்தகம் இன்னும் அச்சாகவில்லை. வகுப்புக்குப் போய் மணியடிக்கும்வரை பிள்ளைகளோடு சும்மா இருந்துவிட்டு வருவாராம். எங்களில் ரஷ்யன் கொஞ்சம் தெரிந்த ஒருவரிடம் இதைச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் வாய் அப்படியே இருந்தது.

எங்கள் பாஸ்போர்ட்டுகள் முழுவதும் ஏஜென்சி ஆளின் கையில், ஒரு பிஸ்கட் பேணிக்குள். செவ்வாய்க்கிழமைகளில் பொலிஸ்காரன் வருவான். பேணியைத் திறந்து பெயர் பெயராக வாசிப்பான். யாராவது ‘ஓம்’ என்று கை தூக்கினால் சரி. எங்கள் முகங்கள் எல்லாம் அவனுக்கு ஒரே முகம். மார்கழியில் எல்லோருடைய பதிவும் முடிந்தது. புதுப்பிக்கப் போனால் கந்தோரில் பழைய நாட்டின் முத்திரைதான் இருந்தது, புது நாட்டின் முத்திரை வந்துசேரவில்லை. முதல் ஆளாகப் போன எனக்கு அதையே அடித்து, நாட்டின் பெயரைப் பேனையால் வெட்டிவிட்டுத் தந்தார்கள். அடுத்த நாள் அந்த முத்திரையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஆக, பதினொரு பேரில் என் பாஸ்போர்ட் மட்டும்தான் செல்லுபடியானது.

என் பக்கத்து மெத்தையில் படுத்தவர்தான் இந்தப் பெண்ணின் கணவர். என்னைவிட நாலு வயது மூப்பு. நான் அண்ணை என்பேன், அவர் தம்பி என்பார். அதிகம் கதைக்காத மனிதர். தை மாதம் அவர் உட்பட ஐந்து பேரை எல்லை கடத்தக் கொண்டுபோய், பனிக்குள் இரண்டு நாள் விட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவருடைய விரல்கள் கறுத்து வீங்கி மடியவில்லை. வீட்டுக்கு எழுத வேண்டும், என்னைப் பிடித்து எழுதச் சொன்னார். “குளிருக்குக் கை வளையேல்லை, எழுத்து வேறை மாதிரி இருக்கும் எண்டு முதலே போடு தம்பி. நான் சொல்லி வேறை ஆள் எழுதிறது எண்டு தெரிஞ்சால் அவ பயந்துபோவா.” அப்படி இரண்டு கடிதம் எழுதினேன். அரிசி, மண்ணெண்ணெய், பிள்ளையின் ஊசி, மாட்டுக்கொட்டில் கூரை. வேறு ஒன்றும் அவருக்குச் சொல்லத் தெரியாது.

மாசியில் அவருக்குச் சளிக்காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கியது. ஆஸ்பத்திரியில் செல்லுபடியான பதிவு இல்லாதவரை எடுக்க மாட்டார்கள். ஏஜென்சி ஆள் பேணிக்குள் கையை விட்டு என் பாஸ்போர்ட்டை எடுத்தான். எனக்கு அது பிழையாகவே தோன்றவில்லை. பாஸ்போர்ட் படத்தில் தலை மாற்றி, பெயர் மாற்றி, அந்தப் பாதையால் வந்தவர்கள் நாங்கள். குளிருக்கு ஒருவர் ஜம்பரை மற்றவர் போடுவதும் பாஸ்போர்ட் மாற்றுவதும் எங்களுக்கு ஒன்றுதான். “சுகமாகி வரட்டும், திருப்பி வாங்குவம்” என்றேன்.

மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். பாஸ்போர்ட்டை அங்கேயே எடுத்துக்கொண்டார்கள். இறப்புச் சான்றிதழுக்குப் புதுப் படிவம் இல்லை என்று பழைய நாட்டின் தாளிலேயே எழுதி, அந்த ஆஸ்பத்திரியில் இன்னும் பூட்டாமல் கிடந்த பழைய முத்திரையை அடித்தார்கள். இல்லாத நாடு ஒன்று, சாகாத ஒருவனைச் செத்தவன் என்று உறுதிப்படுத்தியது. எரிக்க வழியில்லை. ரீச்சர்தான் சுடலையில் ஒரு மூலை பிடித்துத் தந்தார். சிலுவை வேண்டாம் என்று கையால் காட்டினோம். ஒரு தகரத் துண்டில் அவர்களுடைய பழைய எழுத்தில் ஏதோ எழுதி, கம்பியில் கட்டி நட்டார். அது என் பெயர் என்று எனக்குத் தெரியும். வாசிக்கத் தெரியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பொலிஸ்காரன் வந்தான். பேணிக்குள் பத்துப் பாஸ்போர்ட், அறைக்குள் பத்துப் பேர். எண்ணிக்கையில் ஒரு குறையும் இல்லை. அவன் ஒவ்வொன்றாக வாசித்து, இறந்தவரின் பெயரை வாசித்தான். ஒரு கையும் எழும்பவில்லை. இன்னொருமுறை வாசித்தான். ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கி ‘ஓம்’ என்றேன்.

அன்றிலிருந்து எல்லை கடக்கும்வரை நான்தான் அவர். ஊரிலிருந்து அவருடைய மனைவியின் கடிதம் வந்தபோது அதையும் என் கையில்தான் தந்தார்கள். பயணம் முடியும்வரை சாவுச் செய்தி வெளியே போகக் கூடாது என்று ஏஜென்சி ஆள் கழுத்தைப் பிடிக்காத குறையாகச் சொல்லியிருந்தான். பதில் எழுதினேன், ஒருமுறையல்ல, இரண்டு முறை. இரண்டாவதை எப்படி முடிப்பது என்று தெரியாமல் கனநேரம் இருந்துவிட்டு, ‘நான் வரப் பிந்தினாலும் என்னை இல்லையெண்டு நினைச்சுப்போடாதை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அதுதான் அந்தப் பங்குனிக் கடிதம்.

பாரிஸுக்கு வந்து என் சொந்தப் பெயரில் அகதிக் கேஸ் கொடுத்தேன். வழியில் எந்த நாட்டிலும் தங்கவில்லை என்று சொன்னேன். அந்த ஒரு பொய்யின் மேல்தான் என் விசா, என் வேலை, பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை எல்லாம் நிற்கிறது. ஏஜென்சி ஆட்கள் அவர் வீட்டுக்கு அறிவித்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிவித்திருக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போது அவருடைய மனைவி கடையில் என் முன்னால் இருந்து, கடைசிக் கடிதத்தில் அந்த வரியை விரலால் காட்டினார். “அவர் இப்பிடியெல்லாம் எழுதிற ஆளில்லை அண்ணை. கலியாணம் கட்டி ரெண்டு வருசத்திலை ஒரு நல்ல சொல்லுச் சொன்னதில்லை. இந்த ஒரு வரிதான். இதாலைதான் நான் இருக்கிறன்.”

நான் மணமானவர் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். கோழை என்று யாராவது என்னைச் சொன்னால் எனக்குக் கோபம் வராது.

அவருக்கு விசா கிடைத்தது. மகளோடு பாரிஸுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் ஒரு அறை எடுத்தார், கந்தோர்களில் துப்புரவு வேலை. வருடா வருடம் ஏதாவது படிவத்தோடு வருவார். வருடா வருடம் அதே நான்கு கட்டம் இருக்கும், அதே கட்டத்தில் நான் புள்ளடி போடுவேன். கடையில் தமிழில் கையால் எழுதுவதையே விட்டுவிட்டேன். மிளகாய்த்தூள் வந்திருக்கிறது என்று ஒரு மட்டையில் எழுதி ஒட்டச் சொன்னாலும் கொம்ப்யூட்டரில் அடித்தே ஒட்டினேன்.

சனத்துக்கு வாய் சும்மா இருக்காது. அவருடைய கணவரை ஓல்னே-சூ-புவா சந்தையில் கண்டேன் என்று ஒருவர். எபினேயில் லொறி ஓடுகிறார், தாடி வைத்திருக்கிறார் என்று இன்னொருவர். இவர் ஒவ்வொரு இடத்துக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்வார். லா சப்பலில் பிள்ளையார் தேர் வரும் நாளில் தெருமுனையில் நின்று, சாமியைப் பார்க்காமல் ஆம்பிளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு ஐந்தாறு அடி தள்ளி நான் நிற்பேன். ஒருமுறை, கற்பூரப் புகைக்குள் மெலிந்த ஒரு முதுகு, அவர் கணவருடையதைப் போல ஒரு பக்கம் சாய்ந்த நடை. நானும் இரண்டடி பின்னால் போனேன். அவரை மண்ணுக்குள் இறக்கும்போது காலைப் பிடித்தவன் நான். எனக்கே விசர் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது என்று அன்றைக்கு விளங்கியது.

2013 தையில் பக்கத்துக் கடைக்குப் பெயின்ட் அடிக்க ஒரு மொல்டோவாக்காரர் வந்தார். எந்த ஊர் என்று கேட்டேன். அந்த நகரத்திலிருந்து ஒரு மணித்தியாலப் பயணமாம். அங்கே சுடலை மூலையில் எங்கள் ஆள் ஒருவரின் தகரம் நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். நான் எழுதிக்கொடுத்த தெருப் பெயரைப் பார்த்துச் சிரித்தார், அப்படி ஒரு தெரு இப்போது இல்லை என்றார். ஆனாலும் வசந்தத்தில் ஊருக்குப் போனவர் தேடிப் பார்த்தார். அங்கே ஈஸ்டருக்குப் பிறகு ஒரு நாள் எல்லோரும் சுடலைக்குப் போய்க் கல்லறைகளில் பாணும் முட்டையும் வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, செத்தவர்களின் பெயர்களைப் பாதிரியாரைக் கொண்டு வாசிக்க வைப்பார்களாம். திரும்பி வந்து டெலிபோனில் படத்தைக் காட்டினார்.

தகரம் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. முன்னால் பின்னல் பாண் ஒன்று, சிவப்புச் சாயம் போட்ட முட்டை இரண்டு. ரீச்சர் உயிரோடு இருக்கிறார். வருடா வருடம் அந்த மூலைக்கு அவர்தான் வருகிறார். நாட்டின் எழுத்து மாறியபோது சரித்திர ரீச்சர் என் கல்லறையையும் திருத்தியிருக்கிறார், பெயரைப் புது எழுத்தில், எங்கள் பிரெஞ்சு எழுத்தில், எழுதியிருக்கிறார். இருபது வருடத்துக்கு முன் வாசிக்க முடியாததை இப்போது எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒரு பிழையும் இல்லை.

“இந்தப் பெடியனின் வீட்டுக்காரர் ஏன் ஒருநாளும் வரவில்லை என்று அந்த அம்மா கேட்டார்” என்றார் பெயின்ட் ஆள். “என்ன சொல்வது?”

ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு யாராவது தெருவில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப ஒரு கணம் பிந்தியது. அந்தப் பெயர் அங்கே ஒருவருக்குப் பாண் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த வருடம் வைகாசியில் அந்தப் பெண் வந்தார். அரச வீடு ஒன்று அவருக்கு ஒதுக்கியிருக்கிறார்கள், இரண்டு அறை, அதே வில்லியே லே பெல்லில். மகளுக்கு முதன்முதலாக ஒரு கதவு. ஆனால் மணமானவர் என்றால் கணவரின் பத்திரங்களும் வேண்டும். இல்லையென்றால் கணவர் தன்னைக் கைவிட்டுப் போய்விட்டார் என்று எழுதிக் கையெழுத்து வைத்து, பிரிவுக்குக் கோர்ட்டில் பதிய வேண்டும். பதினைந்து நாள் தவணை.

“சோசல் கந்தோர் மனுசி சொல்லுறா, ஒரு பக்கம் எழுதினால் காணுமாம். நீங்கள் எழுதுங்கோ அண்ணை, நான் கையெழுத்து வைக்கிறன்.” சொல்லிவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அவர் என்னை விட்டிட்டுப் போனவர் எண்டு நானே எழுதிக் குடுக்க வேண்டிக் கிடக்கு. அவர் அப்பிடிச் செய்யிற ஆளில்லை. ஆனா மகளுக்கு வீடு வேணும்.”

வெள்ளைத் தாளை எடுத்தேன். தேதி எழுதினேன். ‘என் கணவர்’ என்று பிரெஞ்சில் எழுதினேன். செத்த மனிதனை வைத்து நான் எழுதப்போகிற மூன்றாவது கடிதம். முதல் இரண்டிலும் அவரை உயிரோடு வைத்திருந்தேன், இதில் அவரை அயோக்கியனாக்க வேண்டும். தன் விரல் கறுத்துக் கிடக்கும்போது மனைவி பயந்துபோவாள் என்று யோசித்த மனிதனை. என்னால் முடியவில்லை. அழுகை வந்தது, வெட்கமில்லாமல் கடைக்குள்ளேயே அழுதேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

கதவில் ‘மூடப்பட்டுள்ளது’ என்ற மட்டையைத் திருப்பிவிட்டு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். மெத்தை, பேணி, முத்திரை, தகரம், செவ்வாய்க்கிழமை. படத்தையும் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இதிலை உங்கடை பேரெல்லோ கிடக்கு.”

“ஓம். உள்ளை இருக்கிறது அவர்.”

“என்ன திகதி?”

சொன்னேன். திதி பார்க்கக் கேட்கிறார் என்று விளங்கியது. கைப்பையிலிருந்த சிறிய டயரியில் எழுதிக்கொண்டார். என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவர் விதவை என்று நிரூபிக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்தச் சுடலையில் கிடப்பவன் நான் இல்லை என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினால் வழியில் எங்கும் தங்கவில்லை என்ற என் பழைய பொய் வெளியே வரும். இதையும் சொன்னேன்.

“உங்களுக்கு வில்லங்கம் வராதோ?”

“வரும்.”

“எழுதுவியளோ?”

“எழுதுறன்.”

இரண்டு பக்கம் எழுதினேன். பிரெஞ்சில் எழுதிவிட்டு, அவர் வாசிக்க வேண்டும் என்பதற்காக அதையே தமிழிலும் எழுதினேன். நான் தமிழில் எழுத எழுத அவர் சொப்பிங் பையை அவிழ்த்து, கடைசிக் கடிதத்தை எடுத்து, என் தாளுக்குப் பக்கத்தில் விரித்தார். இரண்டு தாளிலும் ஒரே ‘ழ’, ஒரே சாய்வு. கடைக்கு வெளியே யாரோ கண்ணாடியில் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

“அண்ணை, ஒண்டு கேக்கிறன். ‘பிந்தினாலும்’ எண்டு கிடக்கிற வரி. அது அவர் சாகமுதல் சொல்லி வச்சதோ?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவர் முகம் என்னிடம் அந்த ஓமைத்தான் கேட்டது. அந்தப் பெயருக்காக எத்தனையோ தடவை பொய்யாகச் சொன்னவன் நான், இன்னும் ஒருமுறை சொல்ல என்ன கஷ்டம். நாக்கு நுனிவரை வந்தது.

“இல்லைத் தங்கச்சி. அது நான் எழுதினது.”

அவர் கடிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தேர்த் தெருவில் முகங்களைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

“அப்ப இருபத்தொரு வருசமா நான் பாத்துக்கொண்டிருந்தது உங்களைத்தான்” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. பிறகு படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, என் கையிலிருந்த பேனையை வாங்கி, விதவை என்ற கட்டம் எது என்று கேட்டார். நான் காட்டினேன்.